கால் கனத்தால் லாக்டேட்டைத் திட்டாதீர்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 36, எடை 62 கிலோ. சனிக்கிழமை மாலை பக்கத்து மேட்டுத் தெருவில் வேகமாக ஏறி இறங்கிப் பயிற்சி; ஞாயிறு காலை கப்பன் பார்க்கில் நெடுந்தூர ஓட்டம். ஞாயிறு ஓடும்போது கால் இரும்பாகக் கனக்கிறது. திங்கள், செவ்வாயில் தொடை வலித்துப் படி இறங்க முடிவதில்லை. “லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு, மசாஜ் பண்ணுங்க” என்கிறார் கோச். இரவில் சோறு கிடையாது, இரண்டு சப்பாத்தியும் சாலடும்தான். என்ன செய்யலாம்?

பதில்: அந்தச் சப்பாத்தி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் கோச் லாக்டிக் ஆசிட் என்று சொல்வது உடலில் லாக்டேட்டாகத்தான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும். மூச்சிரைக்க மேடு ஏறினால் அது 10-ஐத் தாண்டலாம். தசை அவசரமாகக் குளுக்கோஸை உடைக்கும்போது அதிலிருந்து கிடைக்கும் பைருவேட் என்ற பொருள் குவியும். அதை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருந்தால்தான் உடைக்கும் வேலை தடைபடாது. ஓட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குள் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். நின்றவுடன் உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக ஓடினால் இன்னும் சீக்கிரம். சனிக்கிழமை லாக்டேட் செவ்வாய்வரை தொடையில் குடியிருக்க வழியே இல்லை.

அதில் பெரும்பகுதியை உடல் எரிபொருளாகவே எரித்துவிடுகிறது. இதயம் அதை விரும்பி எடுத்துக்கொள்ளும், மூளையும் பயன்படுத்தும். மிச்சம் கல்லீரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸாகிறது. 1947இல் நோபல் பரிசு பெற்ற கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் இதைக் கோரி சுழற்சி என்கிறோம். இதைப் போய்க் கழிவு என்பது அநியாயம்.

தொடை வலிக்குக் காரணம் நீங்கள் ஏறிய மேடு அல்ல, இறங்கிய சரிவு. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. நுண்ணிய சேதமும் அழற்சியும் அங்கேதான். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். மசாஜ் இதமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். லாக்டேட்டை வெளியேற்ற என்று காசு கொடுக்க வேண்டாம். வலியோடு சிறுநீரும் கோலா நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, ஞாயிறு காலையின் கனம்? தசையில் 400-500 கிராம், கல்லீரலில் 100 கிராம் வாக்கில் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்துவைக்கும் குளுக்கோஸ், இருக்கிறது. மேட்டுப் பயிற்சி அதை வேகமாகக் காலி செய்யும். நன்றாகச் சாப்பிட்டாலும் தசையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்தான் நிரம்பும். முழுதாக நிரம்ப ஒரு நாள் பிடிக்கும். சேதமான தசை இன்னும் மெதுவாக நிரப்பிக்கொள்ளும். உங்களுக்கோ நடுவில் ஒரு ராத்திரிதான், அதிலும் இரண்டு சப்பாத்தி!

ஓடி முடித்த முதல் ஒரு மணி நேரம், இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வீடு திரும்பும் வழியிலேயே இரண்டு ஏலக்கி வாழைப்பழம் சாப்பிடுங்கள். அப்புறம் முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. உங்களுக்கு 62 கிராம். நான்கு இட்லியில் சுமார் 40 கிராம் கிடைக்கும். ராத்திரி சாம்பார் சாதம், தயிர் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரோடு தங்கும் என்பதால் காலையில் எடை அரைக் கிலோ கூடியிருக்கும். கொழுப்பு என்று பயந்து மறுபடி சப்பாத்திக்கு ஓடாதீர்கள். தூக்கத்தில் கல்லீரல் சேமிப்பும் கரைவதால், ஞாயிறு கிளம்புமுன் இன்னொரு பழம்.

சர்க்கரை நோய் இருந்தால் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டுத்தான் பின்பற்ற வேண்டும்.

மேட்டுப் பயிற்சியை வியாழக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கோச்சிடம் கேட்டுப் பாருங்கள். முடிந்தால், சனி ராத்திரி கிராம் கணக்கெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை.