தாயில்லாத ஏழு குஞ்சுகளுக்குச் சூடு

தங்கச்சி, தாய்க்கோழியைக் கீரி பிடிச்சு, நாலு நாள் குஞ்சுகள் ஏழும் இரவிரவாய்க் கத்துது எண்டு எழுதியிருக்கிறியள். கேக்கவே மனம் பொறுக்கேல்லை. அது அனேகமாய்க் குளிர்க் கத்தல்தான். மார்கழி வாடைக்குள்ளை திண்ணையிலை விடாதேங்கோ, உள்ளுக்கு எடுங்கோ.

உயரமான பெட்டியிலை உமி பரப்பி, ஒரு மூலையிலை மட்டும் 60 வாட் குண்டு பல்ப்பைத் தொங்க விடுங்கோ. எல்ஈடி பல்ப் சூடு தராது. கம்பியாலை இறுக்கிக் கட்டுங்கோ. உமியிலை விழுந்தால் நெருப்புத்தான். முதல் கிழமை பல்ப்புக்குக் கீழை 35 பாகை செல்சியஸ் அளவு, பிறகு கிழமைக்கு 3 பாகையாய்க் குறையுங்கோ. வெப்பமானி இல்லையெண்டால் குஞ்சுகளைப் பாருங்கோ: ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறினால் குளிர், செட்டையை விரிச்சு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிப்போச்சு, பல்ப்பை உயர்த்துங்கோ.

கரண்ட் போனால் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயாலை சுத்தி வையுங்கோ. மண்ணெண்ணெய் விளக்கு வேண்டவே வேண்டாம்.

பல்ப்புக்கு எட்டத்திலை, நூல் பிரியாத தடிச்ச துணியொண்டைத் தாழத் தொங்க விட்டுப் பாருங்கோ. என்ரை குஞ்சுகள் தாயின்ரை செட்டை எண்டு நினைச்சு அதுக்குள்ளை தலையை நுழைச்சு, கொஞ்சத்திலை கண்ணை மூடிச்சுதுகள்.

தண்ணியைப் போத்தல் மூடியிலை, கூழாங்கல் போட்டு வையுங்கோ. ஆழமெண்டால் தாண்டுபோயிடும்.