நடுக்கடலில் வைஃபை: எதை வாங்குவது, எப்போது பேசுவது?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பயணிக் கப்பல்களில் 16 ஆண்டுகள் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது தூத்துக்குடியில் வசிப்பவர்.)

டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், 15 வயது மகன், மாமியார். ஆளுக்கொரு வைஃபை பிளான் வேண்டும் என்கிறான் மகன். ரோமிங் பேக் போட்டால் போதும் என்கிறார் கணவர். ஊரில் இருக்கும் 78 வயது அம்மாவிடம் நான் தினமும் பேசியாக வேண்டும். எதை வாங்குவது?
– வாசகி, காரைக்குடி

முதலில் உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன் அம்மா. பணம் கரைவது அங்கேதான். கப்பலுக்குள் ஒரு குட்டி செல்போன் கோபுரம் உண்டு. துறைமுகத்தில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். கரையிலிருந்து பொதுவாக 12 கடல் மைல் தாண்டியதும் போடுவார்கள். அந்த நேரத்தில் போனின் மேல் மூலையைப் பாருங்கள். சிங்கப்பூர் கம்பெனியின் பெயர் போய், கடல் நெட்வொர்க்கின் பெயர் வரும். சில போன்களில் 901 என்று தொடங்கும் எண் மட்டும் தெரியும். அது எந்த நாட்டின் எண்ணும் இல்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போட்ட ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது. தனிக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு பயணத்தில் வயதான தம்பதி ஒருவர் எங்கள் கவுன்டருக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் போன் கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது, யாரிடமும் பேசவில்லை. ஆனால் அன்று எடுத்த படங்களை எல்லாம் ராத்திரி முழுக்கத் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்குப் போனதும் வந்த பில் 42,000 ரூபாய் என்று பிறகு எழுதியிருந்தார்கள். அதிலிருந்து, கப்பல் ஏறும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: கயிறு அவிழ்க்கும் முன் நாலு போனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். அப்புறம் வைஃபையை மட்டும் தனியாகத் திறங்கள். மாமியாரின் போனை நீங்களே கையில் வாங்கி அப்படிச் செய்துவிடுங்கள்.

இனி பிளான். உங்கள் பயணத்தில் இரண்டாம் நாள் பினாங்கு, மூன்றாம் நாள் புக்கெட் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். முழுக்க முழுக்கக் கடலில் போகும் நாள், கப்பல்காரர்கள் 'சீ டே' என்பது, ஒன்றே ஒன்று. பெரிய கப்பல்களில் ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 அமெரிக்க டாலருக்கு முன்பின் கேட்கிறார்கள். நாலு பேருக்கு நான்கு நாள் என்றால் 320 டாலர். ஒரே ஒரு போனுக்கு வாங்கினால் 80. ஒன்று போதும். உங்கள் பெயரில் வாங்குங்கள். பெரும்பாலான கப்பல்களில் ஒரு போனில் லாகவுட் செய்துவிட்டு இன்னொன்றில் அதே கணக்கால் நுழையலாம். வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது, லாகவுட் செய்ய வேண்டும். ராத்திரி நீங்கள் அம்மாவிடம் பேசி முடித்ததும் மகன் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். கப்பலுக்குள் ஒருவரை ஒருவர் தேடுவதற்கு அந்த நிறுவனத்தின் செயலி இருக்கிறது. கப்பல் வைஃபையில் அது காசில்லாமலே ஓடும். அதிலுள்ள சாட் சில கப்பல்களில் இலவசம், சிலவற்றில் சிறு கட்டணம்.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: இந்த பிளானில் வாட்ஸ்அப் கால் போகுமா? இருப்பதிலேயே மலிவானதில் மெசேஜும் முகநூலும் மட்டும் திறந்து, பேச்சை அடைத்து வைத்திருக்கும் கப்பல்கள் உண்டு. உங்களுக்குப் பேச்சுதான் வேண்டும். கப்பல் ஏறும் முன்பே நிறுவனத்தின் தளத்தில் வாங்கிவிட்டால், ஏறிய பிறகு வாங்குவதைவிடப் பெரும்பாலும் விலை குறைவு.

பினாங்கில் கப்பல் வைஃபையை மறந்துவிடுங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் சேர்த்து ஒரு இ-சிம்மை (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஊரிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே இருக்கும். கடலுக்குள் அது வேலை செய்யாது, கரையில் மட்டும்தான். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர் என்ற கப்பல் துறையில் கட்டும். இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன், குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். ஒரு வண்டி பிடித்து தண்ணீர்மலைக்குப் போய்விடுங்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் கட்டிய முருகன் கோயிலை, காரைக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டாமல் வராதீர்கள்.

சீ டே அன்று ராத்திரி 10.30-க்கு மேல் கூப்பிடுங்கள். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடினால் ஊரில் அப்போது 8 மணி. லைன் அறுந்து அறுந்து வந்தால் விட்டுவிட்டு, இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள். சிக்னல் வரும்போது அது தானாகப் போய்ச் சேரும். அம்மாவும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம்.

மகளோடு நார்வே ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல்) பயணம் போனேன். விலை உயர்ந்த பிளான்தான் வாங்கினோம். கெய்ராங்கர் பக்கம் போனபோது ஒரு மெசேஜ்கூடப் போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "மலை மறைக்கிறது" என்றார்கள். சாக்குதானே?
– வாசகர், திருச்சி

சாக்கு இல்லை ஐயா, உண்மை. ஆனால் விற்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

கப்பலின் உச்சியில் பெரிய வெள்ளை உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிஷ். கப்பல் எந்தப் பக்கம் ஆடினாலும் மோட்டார்கள் அதைத் திருப்பித் திருப்பி, வானத்தில் ஒரே புள்ளியைப் பார்க்க வைக்கும். அந்தப் புள்ளியில் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள். சிங்கப்பூர் பக்கம் அது ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். கெய்ராங்கர் இருப்பதோ 62 டிகிரி வடக்கில். அங்கிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 20 டிகிரிகூட எழாது. இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாக மலை. கிணற்றுக்குள் நின்றுகொண்டு அடிவானத்தைத் தேடுகிற கதைதான். மலை இல்லாத இடத்தில்கூடக் கப்பல் திரும்பும்போது அதன் புகைபோக்கியே டிஷ்ஷை மறைக்கும். அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டாக வைப்பார்கள்.

அவ்வளவு தூரம் கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆகும். "ஹலோ" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போமே, அது அதனால்தான். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் சேவையான ஸ்டார்லிங்க்கின் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 500 கிலோமீட்டரிலேயே சுற்றுகின்றன. 2022-இல் ராயல் கரீபியன் தன் கப்பல்களில் அதைப் போடப்போவதாக அறிவித்தது, பிறகு மற்ற நிறுவனங்களும் வந்தன. கடலில் இணையம் என்றாலே முகம் சுளித்த காலம் அதோடு பெரும்பாலும் முடிந்தது என்றே சொல்வேன். ஃபியோர்டுக்குள்ளும் தலைக்கு மேல் ஏதாவது ஒன்று கடந்து போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் உரிமம் தராத நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைந்தால் கப்பல் அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை பிளானின் விலையைக் கேட்கும் முன், அந்தக் கப்பலில் எந்தச் செயற்கைக்கோள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. கேபின் சுவரும் கதவும் எஃகு. பழைய கப்பல்களில் வைஃபை பெட்டி நடைபாதைக் கூரையில்தான் இருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு திட்டுவதைவிட, கதவைத் திறந்து நடைபாதையில் நாலடி வைத்துப் பாருங்கள். எத்தனையோ புகார்களை நான் அந்த நாலடியில் தீர்த்திருக்கிறேன்.

கப்பலில் இருந்தபடியே அலுவலக வேலை பார்க்க முடியுமா? சிறிய ரவுட்டர் ஒன்று கையில் வைத்திருக்கிறேன்.
– வாசகர், கோவை

ரவுட்டரை வீட்டிலேயே வையுங்கள் தம்பி. பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வேலை பார்க்கலாம், ஆனால் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போகும் பிளானா என்று பாருங்கள். மலிவானதில் பெரும்பாலும் போகாது. கிளவுடில் படம் ஏற்றுவது, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வது எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். ஐபோன் என்றால் பிரைவேட் வைஃபை முகவரியை (போனின் உண்மையான அடையாள எண்ணை மறைக்கும் வசதி) அந்தக் கப்பல் வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கப்பல் வைஃபை ஒரே போனை வேறு போன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே விடாமல் போகலாம்.

வேகம் வேண்டுமானால், எல்லோரும் கரைக்கு இறங்கிப் போன நேரத்தில் கப்பலிலேயே இருங்கள். சீ டேயில் மதியத்துக்கு மேல் ஆமை வேகம். முதலாளிக்கு வீடியோவில் முகம் காட்டும் முக்கியமான மீட்டிங்கை அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். வங்கி வேலையை ஏறும் முன்பே முடியுங்கள். ஃபிளைட் மோடில் ஓடிபி எஸ்எம்எஸ் வரும் என்று நம்பி உட்கார முடியாது.

என் மகன் மூன்று மாதத்துக்கு முன் ஒரு பயணிக் கப்பலில் சமையல் பிரிவில் சேர்ந்தான். சில நாள் பேசுகிறான், சில சமயம் நாலைந்து நாள் சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய கப்பலில் பயணிகளுக்கு எல்லாம் இணையம் இருக்கும்போது இவனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? மனது பதறுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டவர்தான்.

பயணிகளைப் போலப் பையனும் இணையத்தைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். ஊழியர்களுக்கென்று தனி விலை உண்டு, பயணிகளுக்குரியதைவிடக் குறைவு. ஆனாலும் புதிதாகச் சேர்ந்த பையனின் சம்பளத்தில் அது பெரிய தொகை. நான் சேர்ந்த காலத்தில் சுரண்டும் கார்டு. நிமிடக் கணக்கு. என் மகள் பிறந்த சேதியை அப்படி ஒரு கார்டில்தான் கேட்டேன். "பொண்ணு" என்றாள் என் மனைவி, "நல்லா இருக்காளா" என்றேன், பதில் வருவதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. மறுநாள் துறைமுகம் வரும் வரை எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். கப்பல் ஊழியர்களின் உரிமைகளுக்கான சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022 திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. முடிந்தவரை ஊழியர்களுக்குக் கப்பலில் இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினாலும் நியாயமாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இது மகனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

சமையல் பிரிவில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றபடி வேலை. அவன் படுக்கும் கேபின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பல கப்பல்களில் அங்கே சிக்னல் நொண்டும். பேச வேண்டுமென்றால் ஊழியர் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏறி வர வேண்டும். களைத்துப்போய் அப்படியே தூங்கிவிடுவான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கப்பலின் பயண அட்டவணை நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். எந்த நாள் எந்தத் துறைமுகம் என்று எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். துறைமுக நாளில் அவனுக்கு ஓய்வு கிடைத்தால் இறங்கி இலவச வைஃபை தேடுவான். மாலுமிகள் மையம் இருக்கும் ஊர்களில் உள்ளேயே உட்கார்ந்து பேசலாம். எதிர்பார்க்க வேண்டிய நாள் அது. மற்ற நாட்களில் குரல் பதிவு அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள். "ஏன் பேசலை" என்று வேண்டாம். வீட்டில் இன்று என்ன குழம்பு, மாடு கன்று போட்டதா, தங்கை பரீட்சை எப்படி எழுதினாள் என்று சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து வந்து, காதில் போனை வைத்து அதைக் கேட்பான்.

அவனுடைய ஊழியர் எண், கப்பலின் பெயர், அவனைச் சேர்த்த ஏஜென்சியின் அவசரத் தொலைபேசி எண், மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் அந்த எண்ணில் சொல்லுங்கள். அவர்கள் கப்பலுக்குத் தகவல் கொடுப்பார்கள், சமையல்கட்டுக்கே ஆள் போய் அவனிடம் சொல்லும். அடுத்த முறை அவன் பேசும்போது முதலில் அந்த ஊழியர் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.