ஓவியத்தை முடிச்சு வைக்கிறது வரைஞ்சவரா, பார்க்குறவரா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: கிட்டப் போனா வெறும் பெயிண்ட் திட்டு, தள்ளி நின்னா ஆளு. எப்படி சார்?

பதில்: கண்ணு அனுப்புறது அரைகுறைத் தகவல்தாங்க, மிச்சத்தை மூளை பழக்கத்துல ஊகிச்சு ரொப்பிக்குது. ரெண்டு கண்லயும் நரம்பு வெளிய போற இடத்துல பார்வையே இல்லாத ஒரு புள்ளி இருக்கு, ஆனா நமக்கு ஓட்டையா தெரியுதா? 1955ல கனிஸ்சாங்கிற இத்தாலிய உளவியலாளர் ஒரு படம் போட்டாரு, ஒரு துண்டு வெட்டின மூணு கறுப்பு வட்டத்தை வச்சா நடுவுல வெள்ளை முக்கோணம் பளிச்சுனு நிக்கும், அங்க கோடே கிடையாது. ஓவியர்களுக்கு இது பழைய கைப்பழக்கம். டாவின்சி மோனா லிசாவோட வாயோரத்தையும் கண்ணோரத்தையும் புகை மாதிரி கரைச்சு விட்டாரு, அதனாலதான் அந்தச் சிரிப்பு ஒரு இடத்துல நிக்காது. கோம்ப்ரிச்ங்கிற கலை வரலாற்றாளர் 1960ல இதைப் பார்க்குறவரோட பங்குன்னு எழுதினாரு. ஒண்ணே ஒண்ணு, பக்கத்துல இருக்குற லேபிளை முதல்ல படிக்காதீங்க.

கேள்வி: மோனா லிசா எங்க நின்னாலும் நம்மளையே பார்க்குறாளே?

பதில்: தட்டையான படம், நீங்க நகர்ந்தாலும் அவ முகம் திரும்பாதுல்ல, அவ்வளவுதான்.

கேள்வி: ஓவியத்தை போட்டோ எடுக்க எந்த கேமரா நல்லது?

பதில்: தெரியாது, கேமராக்காரங்களைக் கேளுங்க.

கேள்வி: அப்போ யாரு என்ன அர்த்தம் சொன்னாலும் சரிதானா?

பதில்: இல்ல. பார்க்குறவர் ரொப்பிக்கிற ஓட்டையை எங்க விடணும், எவ்வளவு விடணும்னு முடிவு பண்றது ஓவியர்.

மறுபடி அவரே: பார்க்குறவரும் சேர்ந்துதான் படைப்பை முடிக்கிறாருன்னு டுஷாம்ப்ங்கிற ஓவியரே 1957ல சொல்லிட்டாரே!

பதில்: சேர்ந்துன்னுதானே சொன்னாரு? தனியான்னு சொல்லலியே. கனிஸ்சா முக்கோணத்துல யானை தெரியுதுன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

வேறொருத்தர்: ஆனா ஒரே படத்தை ஆளுக்கு ஆள் வேற மாதிரி பார்க்குறோமே?

பதில்: ஆளுக்கு ஆள் எதுக்கு, ஒரே ஆளே வேற மாதிரி பார்ப்பாரு. யார்பஸ்ங்கிற ரஷ்ய ஆராய்ச்சியாளர் ரெபினோட ஓவியம் ஒண்ணைக் காட்டி கண் அசைவைப் பதிவு பண்ணினாரு. எதிர்பாராம ஒருத்தன் வீட்டுக்குள்ள வர்ற காட்சி அது. வயசு என்னன்னு கேட்டா கண்ணு முகங்களைச் சுத்துது, வசதி எப்படின்னு கேட்டா துணிமணி, மேசை நாற்காலிக்குப் போகுது. கேள்வி மாறினா பார்வையே மாறுது, ஆனா போற இடமெல்லாம் ரெபின் வரைஞ்சு வச்ச இடம்தான். லேபிளும் இப்படி உங்க மண்டையில போடுற கேள்விதாங்க, அதனாலதான் படிக்காதீங்கன்னு கத்துறேன்.

கேள்வி: கிட்டப் போனா புள்ளி புள்ளியா இருக்கே, ஏன்?

பதில்: இதையே கேக்குற மூணாவது ஆளு நீங்க. மேல படிங்க.

கேள்வி: லேபிள்ல "தலைப்பில்லை"ன்னு மட்டும் இருந்தா?

பதில்: அதை மட்டும் தாராளமா முதல்லயே படிச்சுக்கோங்க.