அவர் கட்டுவது 96 பவுண்டு, கைக்கு வருவது 76.80: மீதி எங்கே?

சகோதரி, பிள்ளைகளின் அப்பா பராமரிப்புத் தொகையாக வாரம் 96 பவுண்டு கட்டியும் உங்கள் கைக்கு 76.80தான் வருகிறது, மீதி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் 'சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ்' (பிள்ளைப் பராமரிப்புத் தொகையைக் கணக்கிடும் அரசு சேவை) உங்கள் பணத்தைத் தவறாகப் பிடிக்கவில்லை. அவருடைய வாரச் சம்பளம் வரிக்கு முன் 500 பவுண்டு, பிள்ளைகள் இருவர் என்கிறீர்கள். இருவருக்கு 16 சதவீதம், அதாவது 80 பவுண்டு. நீங்கள் 'கலெக்ட் அண்ட் பே' (சர்வீஸே அவரிடம் வசூலித்து உங்களுக்குக் கொடுக்கும்) முறையில் இருப்பதால் அவரிடம் 20 சதவீதம் கூடுதலாக வாங்கி (96), உங்கள் 80இல் 4 சதவீதம் கழிக்கிறார்கள் (76.80). பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதில் கை வைப்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. இந்தக் கட்டணத்தை இரு தரப்புக்கும் 2 சதவீதமாகக் குறைப்பதாக 2025இல் அரசு அறிவித்தது. சட்டம் மாறும்வரை பழைய கணக்குதான். விண்ணப்பக் கட்டணம் 20 பவுண்டு மட்டும் 2024 பிப்ரவரியில் நீங்கியது.

அவரே உங்களுக்கு நேரடியாகக் கட்டும் 'டைரக்ட் பே'க்கு மாறினால் முழு 80ம் நேரே வரும், கட்டணமே இல்லை. ஆனால் அவர் முன்பு தவணை தவறியவர் என்றால் அவசரப்படாதீர்கள். மாறினாலும் ரொக்கமாக வாங்காதீர்கள். வங்கி ஸ்டேண்டிங் ஆர்டர் (குறித்த நாளில் தானாகப் பணம் அனுப்பும் ஏற்பாடு) மட்டும். ஒரு தவணை வராவிட்டால் உடனே சர்வீஸுக்குச் சொல்லுங்கள், ஸ்டேட்மென்ட்தான் சாட்சி. உங்கள் ஊர் அவருக்குத் தெரியக்கூடாதென்றால், கிளை இருக்கும் இடத்தைக் காட்டாத சார்ட் கோடு (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்) உள்ள கணக்கை வங்கியில் கேளுங்கள்.

சம்பளம் 400 ஆகிவிட்டது என்று அவர் மிரட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். அது 20 சதவீதக் குறைவு. இடையில் தொகையை மாற்ற, கணக்கில் எடுத்த வருமானத்திலிருந்து 25 சதவீதமாவது மாறியிருக்க வேண்டும். ஆண்டு மறுஆய்வில் வரித்துறையின் புதிய கணக்கு வரும்போதுதான் தொகை மாறலாம். புதிய தொகையைச் சொல்லி சர்வீஸ் அனுப்பும் கடிதம் தவறென்று பட்டால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள்.

பிள்ளைகள் அவரிடம் தங்கும் இரவுகளையும் குறித்து வையுங்கள். வருடத்தில் 52ஐத் தொட்டால் பராமரிப்புத் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும்.