தோரோங் லா: முப்பது ஆண்டு கழித்துக் குடும்பத்தோடு

கேள்வி: 1994-ல் நண்பர்களோடு நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப் பாதையை நடந்து முடித்தேன். இப்போது வயது 57. மனைவி, கல்லூரி செல்லும் மகளோடு மறுபடி போகலாமா? வழியில் உள்ள மனாங் ஊர் வரை ஜீப் போகிறதாமே?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஜீப்தான் வில்லங்கம். அன்று பாதை தொடங்கும் பேசிசஹாரிலிருந்து மனாங்குக்கு ஒரு வாரம் நடந்தீர்கள். உடம்பு தானாகவே உயரத்துக்குப் பழகியது. இன்று 800 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள அந்த ஊரில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் அன்றே 3,540 மீட்டரில் இறக்கிவிடுவார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை அங்கேதான் தொடங்கும். நல்ல உடற்கட்டுள்ள மகளுக்கும் வரும். இளமை இதில் காப்பு அல்ல.

ஜீப்பை, மனாங்குக்கு முன்பே வரும் சாமே என்ற ஊரோடு நிறுத்துங்கள். அங்கே ஓரிரவு, அடுத்து மேல் பிசாங், பிறகு மனாங்கில் இரண்டு இரவு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தலைவலியோடு மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் நள்ளிரவானாலும் கீழே இறங்குங்கள். உயரப் பாதிப்பைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

பாதையின் உச்சியான தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். முற்பகலுக்குப் பின் காற்று பேயாய் வீசும், அதனால் விடியுமுன் கிளம்புங்கள். ஏற்றத்தைவிட உங்கள் வயதுக்கு இறக்கம்தான் சோதனை: முக்திநாத் வரை ஒரே மூச்சில் 1,600 மீட்டர். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல். நகத்தை ஒட்ட வெட்டி, இறங்குமுன் ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் விரல் முன்னே இடித்து நகம் கறுத்துவிடும்.

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்குள்ள 108 நீர்த்தாரைகளில் மனைவி நீராட விரும்பினால், வியர்வை அடங்கட்டும், தண்ணீர் பனிக்கட்டிதான்.