ஈஸ்டருக்கு ஆயத்தமாவது

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் ஊழியக் குழுவில் இருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான இந்த லெந்து கால ஏற்பாட்டைப் போதகர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். சங்கிலி ஜெபம், தினம் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம், வெள்ளிதோறும் உபவாசக் கூட்டம், ஞாயிறு ஆராதனைக்குப் பின் விசேஷ ஜெபம், கடைசி வாரம் ஊரிலிருந்து ஒரு பிரசங்கியார் என்று திட்டம் போட்டிருக்கிறோம். ஆனால் பெரிய வெள்ளிக்கு நிரம்பி வழியும் சபை ஈஸ்டருக்குக் களைத்துப்போய் வருகிறது. விசுவாசத்தோடும் எதிர்பார்ப்போடும் அவர்களை ஆயத்தப்படுத்துவது எப்படி?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் திட்டத்தில் தப்பில்லை, கனம்தான் ஜாஸ்தி. லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40 என்கிறோம். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் கிடையாது. நீங்களோ அதையும் விசேஷ ஜெபத்துக்கு எடுத்துக்கொண்டீர்கள். முதலில் அதை விட்டுவிடுங்கள். பிரசங்கியாரையும் விட்டுவிடலாம் என்பேன், டிக்கெட் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

எதிர்பார்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஈஸ்டர் அன்று யாருக்கு அது இருந்தது? மாற்கு 16-ஐத் திரும்ப வாசியுங்கள். அந்தப் பெண்கள் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு போனது பிணத்துக்குப் பூச. வழியெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டது கல்லைப் புரட்டித்தர ஆள் கிடைக்குமா என்றுதான். எம்மா என்ற கிராமத்துக்குப் போன சீஷர்கள் இருவரும் தாங்கள் நம்பியிருந்ததை, முடிந்துபோன கதையாகத்தான் வழியில் வந்தவரிடம் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் இயேசு வந்தார். எனவே சபையாரிடம் உற்சாகத்தைக் கேட்காதீர்கள். அவரவர் கல் எது என்று சொல்ல இடம் கொடுங்கள்.

இந்த ஊரில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1998 முதல் சிங்கப்பூரில் கல்லறைக்கு 15 ஆண்டுதான் தவணை. அதன்பின் தோண்டியெடுக்கிறார்கள், நம்மவர்கள் என்றால் எரியூட்டிச் சாம்பல் வரும். 1972-ல் மூடிய பிடாடாரி கல்லறைத் தோட்டத்தில் இன்று வீவக எனும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டி ஒருவர், சுவா சூ காங்கில் இருக்கும் கணவருடைய கல்லறையைத் தோண்டப்போவதாக வந்த கடிதத்தை நாலாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். "சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன்னு வாரவாரம் சொல்றோம். இனி இவரு எங்கிருந்து தம்பி எழும்புவாரு?" என்று கேட்டார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு லெந்து காலம் முழுவதற்கும் இந்த ஒரு கேள்வி போதும். கொரிந்து சபையாரும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் முழுக்க அதற்குத்தான் மல்லுக்கட்டுகிறார். வாரம் ஒரு வீட்டில் அந்த அதிகாரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக வாசியுங்கள். அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவேண்டாம். நம் மூப்பர்களுக்கு அது கஷ்டம், தெரியும். வாட்ஸ்அப் வசனம் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை.

பெரிய வெள்ளி இங்கே பொது விடுமுறை, அதனால்தான் அந்தக் கூட்டம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானித்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு மறுநாள் எதுவும் வைக்காதீர்கள். நாம் அன்றைக்குப் பாட்டு ஒத்திகை, மேடை அலங்காரம், காலை உணவுக்கு ஆள் பிரிப்பது என்று ஓடுகிறோம். அதையெல்லாம் புதன்கிழமையே முடித்துக்கொள்ளலாம். சுகந்தவர்க்கத்தை ஆயத்தம்பண்ணின பெண்களும் கற்பனையின்படி ஓய்ந்திருந்த ஓய்வுநாள் அது. சபையும் ஒரு நாள் அப்படிச் சும்மா இருக்கட்டும்.

இன்னொன்று, நேரம். ஊரில் அதிகாலை ஆராதனை என்றால் நடந்தே போய்விடுவோம். இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணியாகிறது. அதற்கு முன்னால் தொழிலாளர் தங்குவிடுதித் தம்பிகள் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்கள்? இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்? காலைச் சமையலை முடித்துவிட்டுத்தான் வெளியே வரமுடிகிற பணிப்பெண்? அதிகாலை ஆராதனை இருக்கட்டும், சாயங்காலம் இன்னொன்றும் வையுங்கள். வேதத்தில் ஆதாரம் கேட்டால் லூக்கா 24-ஐக் காட்டுங்கள்: எம்மாவில் அப்பம் பிட்டது பொழுது சாய்ந்த பிறகுதான். காலை உணவுக்கான பணத்தில் பாதியை அந்தச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஒதுக்கச் சொல்லி இப்போதே குழுவில் பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் பொருளாளர் ஒத்துக்கொள்ளமாட்டார்.