புல்வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா, ரேஸ் ஏறி இறங்குகிறதா? கேள்வி பதில்

சின்ன பெட்ரோல் இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் தொழில். இன்று ஸ்டார்ட்டிங் கோளாறும் ரேஸ் ஏறி இறங்குவதும் மட்டும் கேளுங்கள். முதலில் ஒன்று: மெஷினுக்கு அடியில் கை போகும் முன் ப்ளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும், உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அது போதும்.

கேள்வி: மூன்று மாதம் சும்மா கிடந்த மெஷின். இருபது தடவை கயிறு இழுத்தும் உயிர் வரவில்லை. ப்ளக் புதுசு.

பதில்: இழுப்பதை நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வாயில் அரை டீஸ்பூன் நல்ல பெட்ரோல் விட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டி ஒரு இழுப்பு இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் ப்ளக்கில் கரண்ட் வருகிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது, பெட்ரோல் வரத்துதான் இல்லை என்று அர்த்தம். மூன்று மாதம் கிடந்த மெஷினில் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குள் நின்ற பெட்ரோலோ ஆவியாகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், அடியில் குமிழ் குமிழாகத் தனியே நின்றால் அது தண்ணீர். முழுவதையும் கொட்டிவிடுங்கள். அப்புறம் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ப்ளோட் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றுங்கள். பல மாடல்களில் அந்த நட்டுக்குள்ளேயே மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளை, இருக்கும். துளை வழியே வெளிச்சத்தைப் பாருங்கள், வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்சார வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி, துளைக்குள் விட்டு எடுங்கள். ஊசி வேண்டாம், ஜெட்டின் பித்தளையில் சுலபமாகக் கீறல் விழும்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சும்மா ஓடும்போது ஊம்... ஊம்... என்று ரேஸ் ஏறி ஏறி இறங்குகிறது. புல்லுக்குள் விட்டால் சரியாகிவிடுகிறது. கவர்னர் போய்விட்டதா?

பதில்: இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்தான் கவர்னர். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் அப்படிக் கேட்கிறது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போனால் வேகம் விழும். கவர்னர் த்ராட்டிலை (இன்ஜினுக்குள் கலவை போகும் வழியின் மூடி) திறக்கும், வேகம் எகிறும், உடனே மூடும், மறுபடி விழும். கார்புரேட்டர் பக்கத்தில் குனிந்து அந்தச் சின்னக் கம்பியைப் பாருங்கள், ஒவ்வொரு ஊமுக்கும் முன்னும் பின்னும் ஆடும்.

இன்ஜின் ஓடும்போதே சோக்கை (காற்று வரும் வழியை அடைக்கும் மூடி) மெதுவாகப் பாதி மூடுங்கள். ஆட்டம் அடங்கினால் பெட்ரோல் பற்றாக்குறை உறுதி. புல்லுக்குள் சரியாவதற்கும் காரணம் இருக்கிறது. சும்மா ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அப்போது பெட்ரோல் வருவது ஐடிலிங் ஜெட் வழியாக. பாரம் ஏறினால் த்ராட்டில் திறந்து மெயின் ஜெட் பொறுப்பெடுத்துக்கொள்ளும். ஆக உங்கள் மெஷினில் அடைத்திருப்பது ஐடிலிங் வழி. அந்தத் துளை மெயின் ஜெட்டை விடச் சின்னது, பலர் அதைத் தொடாமலே மெயின் ஜெட்டை மட்டும் துடைத்து மாட்டிவிட்டு மறுபடி வருகிறார்கள். கார்புரேட்டர் க்ளீனர் அடித்து, கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்து எடுங்கள். அப்படியும் ஆடினால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டைப் பாருங்கள், அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காற்றை இழுத்து இதே ஆட்டத்தைக் காட்டும்.

கேள்வி: கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினால் ஆட்டம் நிற்கும் என்றார்கள்.

பதில்: செய்யவே செய்யாதீர்கள். 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போதே அதன் முனை மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகிறது. கவர்னரைக் கட்டிப்போட்டால் அந்த வேகத்துக்கு எல்லையே இல்லை. கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும், ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகும்.

பதில்: நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. சத்தம் இல்லையென்றால் சூடு ஆறும் முன்பே ப்ளக்கில் கரண்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கோளாறு காயிலில், அதாவது ப்ளக்குக்குக் கரண்ட் தரும் சுருளில்.

கேள்வி: கல்லில் அடித்து நின்றது. இப்போது கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கிறது.

பதில்: ப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்னத் துண்டு, அதாவது ப்ளைவீல் கீ, நசுங்கியிருக்கும். கொஞ்சம் நகர்ந்தாலே ப்ளக்கில் பொறி வரும் நேரம் (டைமிங்) தவறும். ப்ளக் வயரைக் கழற்றிவிட்டு பிளேடையும் பாருங்கள். அதன் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் சுற்றாவிட்டால் வளைந்திருப்பது பிளேடா, அது மாட்டியிருக்கும் கிராங்க் தண்டா என்று தெரியும்வரை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சுத்தம் எதற்கு? நான் மெயின் ஜெட்டை ட்ரில் போட்டுக் கொஞ்சம் பெரிதாக்கினேன், ரேஸ் ஆட்டம் போச்சு.

பதில்: அடைப்பு ஐடிலிங் வழியில் இருந்தால், நீங்கள் சம்பந்தமில்லாத துளையைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். 0.6 மி.மீ. துளையை 0.7 ஆக்கினால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அது "கொஞ்சம்" இல்லை.

அதே நண்பர்: புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்பெனிக்காரர்களே பெட்ரோலைக் குறைத்துத்தானே வைக்கிறார்கள்? என் மெஷின் இரண்டு வருடமாக ஓடுகிறது.

பதில்: குறைத்து வைப்பது உண்மைதான், அதனால்தான் லேசான அடைப்புக்கே ஆட்டம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மெஷின் புதிதாக இருந்தபோது ஆடாமல்தானே ஓடியது? அப்போதும் அதே ஜெட்தான். அப்படியானால் மாறியது துளையின் அளவு இல்லை, உள்ளே சேர்ந்த அழுக்கு.

இன்னொருவர்: நானும் ட்ரில் போட்டவன்தான். ப்ளக் நல்ல பழுப்பாகவே இருக்கிறது.

பதில்: அழுக்கு பாதியை அடைத்திருக்கும் வரை பெட்ரோல், காற்றுக் கணக்கு சரியாக இருக்கும், அதனால் பழுப்பு. ஒருநாள் நல்ல பெட்ரோல் அந்த அழுக்கைக் கரைத்துவிட்டால் பெரிய துளை முழுதாகத் திறக்கும். அப்படி வந்த ஒரு மெஷினின் ப்ளக்கைக் கழற்றியபோது நுனி முழுக்க மெத்தென்று கரி, ஆயில் குச்சியை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கியிருந்தது. எரியாத பெட்ரோல் எல்லாம் மெதுவாக பிஸ்டன் ரிங்கைத் தின்னும். துளையை மறுபடி சின்னதாக்க வழியில்லை, ஜெட்டையே மாற்ற வேண்டும். நீங்கள் இருவரும் இன்றைக்கே ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: என்னுடையதும் ரேஸ் ஏறி இறங்குகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டாவது பதில். சோக்கைப் பாதி மூடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் மெஷினில் சோக்கே இல்லை, ரப்பர் குமிழ்தான். ரேஸ் ஆடுகிறது.

பதில்: அதே இரண்டாவது பதில்தான். சோக்குக்குப் பதிலாக ஃபில்டரைக் கழற்றி, ஒரு தடித்த அட்டையால் கார்புரேட்டர் வாயைப் பாதி மறையுங்கள்.

கேள்வி: பேட்டரி மெஷின் பாதியில் நிற்கிறது.

பதில்: எனக்குத் தெரிந்த துறை இல்லை, பேட்டரி பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிளேடு கழற்றச் சாய்த்து வைத்தேன், இப்போது ஒரே வெள்ளைப் புகை.

பதில்: கார்புரேட்டர் கீழே வருகிற பக்கம் சாய்த்திருப்பீர்கள், ஆயில் ஏறியிருக்கிறது. ஆயில் அளவு பார்த்துச் சரிசெய்து, திறந்த வெளியில் சற்று நேரம் ஓடவிட்டால் அடங்கும். அடுத்த முறை ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே இருக்கட்டும். ப்ளக் வயர்? கழற்றினீர்களா? தயவுசெய்து கழற்றுங்கள்.

முதலில் கேட்டவர்: கிண்ணத்தின் அடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது, ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை. செம்புக் கம்பி விட்டேன், மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட்! ஆனால் கிண்ணத்து நட்டடியில் சொட்டுகிறது.

பதில்: நல்ல செய்தி. பெட்ரோல் வால்வை மூடுங்கள், இல்லாவிட்டால் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள், சொட்டு நிற்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நட்டுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று இருக்கும், கழற்றும்போது அது கிழிந்திருக்கும் அல்லது கிண்ணத்தோடு ஒட்டி நின்றிருக்கும். புதுசு போட்டு, கையால் முறுக்கிய பிறகு ஸ்பேனரால் லேசாக ஒரு கால் திருப்பு மட்டும்.